காய்ச்சல் எத்தனை மணிக்கு வந்தது?

மன்னார்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காய்ச்சல் என்று வருகிறவரை உட்காரவைத்து, தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை மணிக்கு வந்தது?"

ஐப்பசி மழை நாள் ஒன்றில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேர் இன்னும் நினைவில் இருக்கிறார்கள். முதலில் வந்தவர் ஒரு விவசாயி. துண்டைத் தோளோடு இறுக்கிப் போர்த்தியிருந்தார். மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். என் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "நேற்று மூன்று மணிக்கு, நர்சம்மா. கொள்முதல் நிலையத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி பஸ் போனது. அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். பஸ் போன சற்று நேரத்தில் முதுகில் கட்டையால் அடித்ததுபோல் ஆகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரக்கூட முடியவில்லை."

அவருக்குப் பின்னால் வந்தவர் பள்ளி ஆசிரியை. அவரால் நேரம் சொல்ல முடியவில்லை. "ஞாயிற்றுக்கிழமையே தொண்டை கரகரவென்று இருந்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை தும்மல். நேற்றிலிருந்து மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது" என்றார். அப்படியும் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தியிருந்தார். பேச்சின் நடுவே நான்கு முறை தும்மினார்.

விவசாயிக்கு 103 டிகிரி. ஆசிரியைக்கு 99. தெர்மாமீட்டரை வைப்பதற்கு முன்பே எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஃப்ளூ ஆளை அடித்துப் போடும். அடி விழுந்த நேரம் ஆளுக்கு நினைவிருக்கும். சளி மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். எப்போது வந்தது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

இரண்டும் வைரஸ் நோய்கள்தான். ஆனால் வேறு வேறு குடும்பங்கள். நாம் சளி, ஜலதோஷம், தடுமன் என்று பல பெயர்களில் சொல்வதைப் பெரும்பாலும் ரைனோ வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றில் மட்டும் 150க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அதனால்தான் ஒரே குழந்தைக்கு ஓர் ஆண்டில் ஆறேழு முறை சளி பிடிக்கிறது. ஒன்றுக்கு உடம்பு பழகுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று அழும் தாய்மார்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஃப்ளூவை உண்டாக்குவது இன்ஃப்ளூயன்ஸா வைரஸ். மனிதர்களிடையே பருவம்தோறும் பரவுகிறவை அதன் ஏ, பி வகைகள். ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 ஆகிய இரண்டும் இப்போது நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எச்1என்1 என்ற பெயரை ஆய்வக அறிக்கையில் பார்த்ததும் பதறிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று உலகையே உலுக்கிய அதே வைரஸ்தான். அன்று அது பெரும்பாலோர் உடம்புக்குப் பழக்கமில்லாத புதிய வைரஸ். அந்த ஆண்டு ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்றும் அறிவித்துவிட்டது. வைரஸ் மட்டும் போகவில்லை. பருவக் காய்ச்சல்களில் ஒன்றாக நம்மோடு தங்கிவிட்டது. ஆகவே அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் அது ஃப்ளூ என்று அர்த்தம். ஃப்ளூவுக்கு என்ன கவனம் தேவையோ அதே கவனம் போதும். பன்றியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிரித்தறிவது எப்படி

வந்த வேகத்தைச் சொல்லிவிட்டேன். அடுத்ததாக, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். சளி கழுத்துக்கு மேலே குடியிருக்கிற நோய். மூக்கு ஒழுகும், அடைக்கும், தும்மல் வரும், தொண்டை உறுத்தும், தலை கனக்கும். கை கால்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஃப்ளூ முழு உடம்பையும் பிடிக்கும். முதுகு, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொரு சதையும் வலிக்கும். குளிரும். நெற்றியைப் பிளக்கிற தலைவலி இருக்கும். வறட்டு இருமல் நெஞ்செலும்பின் பின்னால் எரிச்சலாகத் தெரியும். மூக்கு ஒழுகலாம், ஒழுகாமலும் இருக்கலாம். நோயாளியும் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்.

பெரியவர்களுக்குச் சளியில் காய்ச்சல் வந்தாலும் 100 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஃப்ளூவில் 101 முதல் 104 வரை ஏறி, மூன்று நான்கு நாள் நிற்கும். குழந்தைகள் விஷயத்தில் இந்த அளவுகோலை அப்படியே நம்பாதீர்கள். சாதாரணச் சளியிலும் அவர்களுக்கு 102 வரும். ஃப்ளூவில் வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டு வயிற்றுக் கோளாறுபோல் காட்டும். குழந்தை விளையாடுகிறதா என்று பாருங்கள். மூக்கு ஒழுகிக்கொண்டே பாத்திரத்தை உருட்டி விளையாடுகிற குழந்தையை நான் சளி என்றுதான் எண்ணுவேன். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகும் தோளில் சாய்ந்தே கிடக்கிற குழந்தையை எண்ணித்தான் எனக்குக் கவலை.

முதியவர்கள் இன்னொரு வகையில் ஏமாற்றுவார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ளூவிலும் காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம். சோர்ந்து படுப்பார்கள், சோற்றை வேண்டாம் என்பார்கள், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறும். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்து, பெரியவர் இப்படி ஆனால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் அது காய்ச்சல்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சளி ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள். தண்ணீராக ஒழுகிய மூக்குச்சளி மூன்றாம் நாளுக்கு மேல் மஞ்சளாகவும் பச்சையாகவும் கெட்டிப்படும். அது சளி ஆறுகிற வழி. நிறம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஃப்ளூவில் காய்ச்சல் போன பிறகும் அசதி ஒரு வாரம் இரண்டு வாரம் இழுக்கும். இருமல் மூன்று வாரம் வரை நிற்கலாம். 2023 மார்ச்சில் எச்3என்2 நாடெங்கும் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் இதை வெளிப்படையாகச் சொல்லி, ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள் என்று மருத்துவர்களையே கேட்டுக்கொண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிகுறியை மட்டும் வைத்து ஃப்ளூவையும் கொரோனாவையும் யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. பரிசோதனைதான் பிரிக்கும். லேசான காய்ச்சலுக்கெல்லாம் பரிசோதனை வேண்டாம். ஆபத்துக்கு உட்பட்டவர்களுக்கும் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் மருத்துவர் எழுதுவார். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுப்பார்கள்.

டெங்குவை மறந்துவிடாதீர்கள்

ஃப்ளூ பரவுகிற அதே அக்டோபர், நவம்பரில்தான் நம் ஊர்களில் டெங்குவும் பரவுகிறது. அதுவும் திடீரென்று வரும், உடம்பை முறித்துப் போடும். வித்தியாசத்தை மூக்கிலும் நெஞ்சிலும் தேடுங்கள். 103 டிகிரி காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, ஆனால் இருமல் இல்லை, தும்மல் இல்லை, தொண்டை வலி இல்லை என்றால் அதை ஃப்ளூ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் அபாயமான நேரம். ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட வேண்டும். எந்தக் காய்ச்சல் என்று தெரியாத நிலையில் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் நோய் வரலாம். பாராசிட்டமால் ஒன்றுதான் வீட்டு மருந்து.

என் வீட்டில் நடந்தது

எல்லாம் தெரிந்தவள் வீட்டிலும் தவறு நடந்தது. என் மாமியாருக்கு அப்போது 71 வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. ஒரு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் இருமினார். காய்ச்சல் இல்லை. வீடு நிறைய விருந்தினர். நானும் அன்று பணியில் இருந்தேன். என் கணவர் மருந்துக்கடையில் சொல்லி, மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும் சளி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். மாலையில் வந்து பார்த்த நானும் "சளிதான்" என்றேன். எப்போது தொடங்கியது என்று ஊரையெல்லாம் கேட்கிறவள், அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தீபாவளிக்கு மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே உடம்பு நடுங்கி எழுந்துபோய்ப் படுத்தேன் என்று சொல்லியிருப்பார். பிறகு அதைத்தான் சொன்னார். நான்கு நாள் கைவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. நிமோனியா. 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தார். ஆனால் மாடிப்படி ஏறுகிற மூச்சு அவருக்குத் திரும்பவே இல்லை.

அதன்பிறகுதான் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கயிற்றில் தொங்க ஆரம்பித்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் வரியில் பெயர், தேதி, தொடங்கிய நேரம். கீழே காலை, மாலை வெப்பநிலை, கொடுத்த மாத்திரை, கொடுத்த நேரம், சிறுநீர் போனதா என்பது. இதை நீங்களும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். தொடங்கிய நேரம் தெரிந்தால் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

48 மணி நேரம்

ஃப்ளூவுக்கு மருந்து உண்டு. ஒசெல்டாமிவிர் என்று பெயர். டாமிஃப்ளூ என்றால் பலருக்குத் தெரியும். வைரஸ் நம் செல்லுக்குள் பெருகி, வெளியே வர ஒரு நொதியைக் கத்திரிபோலப் பயன்படுத்தித் தன்னை வெட்டி விடுவித்துக்கொள்கிறது. இந்த மருந்து அந்தக் கத்திரியை மழுக்கிவிடும். பெருகிய வைரஸ் வெளியே கிளம்ப முடியாது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிகுதி என்பதற்கு இதுதான் காரணம். நெஞ்சு முழுக்கப் பரவிய பிறகு கத்திரியை மழுக்கி என்ன பயன்? இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு 48 மணி தாண்டினாலும் கொடுப்பார்கள்; தாமதமாகிவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மி.கி., காலை மாலை, ஐந்து நாள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் தருவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். 2017 வரை இந்த மருந்து குறிப்பிட்ட சில கடைகளில் மட்டுமே கிடைத்தது. அந்த ஆண்டு விதி தளர்ந்து, மருத்துவர் சீட்டு இருந்தால் சாதாரண மருந்துக்கடைகளிலும் வாங்க வழி பிறந்தது. சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். உடம்பு திடமான இளைஞருக்கு லேசான ஃப்ளூ வந்தால் இந்த மருந்தே தேவைப்படாது.

யாருக்கு அவசரம்? கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் (அதிலும் இரண்டு வயதுக்குள்), 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோயுள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களில் ஒருவருக்குத் திடீர்க் காய்ச்சலும் இருமலும் வந்தால், பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றே மருத்துவரிடம் போய், "நேற்று இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

மற்றவர்களுக்கு வீடே போதும். தனி அறை இருந்தால் தனி அறை. இல்லாவிட்டால் கூடத்தில் சன்னல் ஓரமாகப் பாயைப் போட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள். தடித்த கம்பளியால் மூட வேண்டாம். குளிரும்போது மெல்லிய போர்வை, குளிர் விட்டதும் அதையும் எடுத்துவிடலாம். கஞ்சி, ரசம், இளநீர், மோர், எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போக வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாய்க்கே ஃப்ளூ என்றாலும் முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம்.

பாராசிட்டமால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் இருக்கிறது, 250 மி.கி. என்றும் இருக்கிறது. பாட்டில்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வேளைக்கான அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. வரை. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. முதல் பாட்டில் என்றால் 6 மி.லி., இரண்டாவது என்றால் 3 மி.லி. போன முறை ஒரு மூடி கொடுத்தேன், இந்த முறையும் ஒரு மூடி என்று கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்து இன்னும் செறிவானது. பாட்டிலின் பக்கவாட்டில் உள்ள சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

பெரியவர்கள் செய்கிற தவறு வேறு. 650 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார்கள். மூக்கு ஒழுகுகிறதே என்று சளி மாத்திரை ஒன்றும் போட்டுக்கொள்வார்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. தெரியாமலே இரண்டு பங்கு உள்ளே போய்க் கல்லீரலைக் கெடுக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அட்டையிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்கு அரைத் தேக்கரண்டித் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மூக்கைத் திறந்துவிடும், சுகமாக இருக்கும். ஆனால் கொதிக்கிற பானைமுன் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைக்காதீர்கள். பானை கவிழ்ந்து தொடை வெந்து வந்த குழந்தைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நிலவேம்புக் குடிநீரும் சுக்குக் கஷாயமும் குடிக்கிறவர்களை நான் தடுத்ததில்லை. அவற்றைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டவர்களோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.

மூச்சை எண்ணுங்கள்

எல்லாத் தாய்மார்களுக்கும் நான் கற்றுக்கொடுத்த ஒரு வேலை உண்டு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மார்புக்கு மேலே தூக்குங்கள். வெளிச்சம் வயிற்றில் விழட்டும். வினாடி முள் உள்ள கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது குழந்தைகளிடம் சரிப்படாது. அவர்கள் மூச்சு சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடப்பது, வலிப்பு, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் எது வந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம், மயக்கம், குழப்பமான பேச்சு, நகம் நீலமாவது, விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்குவது ஆகியவை அதே அளவு அவசரம். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, எழுந்து குளித்துச் சாப்பிட்டவருக்கு, ஐந்தாம் ஆறாம் நாள் மறுபடி குளிர்க் காய்ச்சல் வந்து இருமலும் கூடினால், அது பழைய ஃப்ளூவின் மிச்சம் என்று நினைக்காதீர்கள். புண்பட்ட நுரையீரலுக்குள் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அப்போதுதான் ஆன்டிபயாட்டிக்குக்கு உண்மையான வேலை.

வராமல் தடுப்பது

மழையில் நனைந்ததால் ஃப்ளூ வந்தது என்பார்கள். மழைத்துளியில் வைரஸ் இல்லை. மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்ட பஸ்ஸில் எழுபது பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு போகிறோமே, அங்கே இருக்கிறது. சன்னல் சாத்திய வகுப்பறையில், தீபாவளிக் கூட்டத்தில், டியூஷன் அறையில் இருக்கிறது. ஒருவருக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து பரவத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். தொற்றியவருக்கு ஒன்று முதல் நான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும்.

1957 மே மாதம் ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்ததும் இப்படி நெருக்கியடித்த பயணம் ஒன்றில்தான். சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் பயணிகள் காய்ச்சலோடு இறங்கினார்கள். சில மாதங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது.

ஆகவே பஸ்ஸில் மழை விட்டதும் ஷட்டரைத் தூக்குங்கள். இருமுகிறவரும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சல் மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்கு மாத்திரையின் வேகம் குறைந்து, அதற்குள் பெஞ்சில் உள்ள நான்கு பேருக்குக் கொடுத்திருக்கும். அரைப் பரீட்சை என்றாலும் சரி.

தாய்மார்களின் முந்தானையைக் கவனித்திருக்கிறேன். குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைப்பார்கள். சற்று நேரத்தில் அதே முனையால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கவும் அதே முந்தானைதான். பழைய வேட்டியைக் கிழித்துச் சிறு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். துடைத்ததும் சோப்பு நீரில் போட்டுவிடலாம். நோயாளிக்குத் தனித் துண்டு, தனி டம்ளர். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற நம் வீட்டுப் பழக்கம் மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் இந்த வைரஸ் ஒரு நாள் இரண்டு நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். சோப்புக்கு நிற்காது. இருபது வினாடி, விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உருவம் மாற்றிக்கொள்வதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறும். சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்துகிற ஆண்டில் அது 40 முதல் 60 சதவீதம் வரை காக்கும். ஊசி போட்டும் ஃப்ளூ வந்துவிட்டதே என்று கேட்கிறவர்கள் உண்டு. வரலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகாமல் தடுப்பதில் அதன் மதிப்பு இருக்கிறது. என் மாமியாருக்கு அதுதான் இல்லாமல் போனது. நாம் போடும் ஊசி மருந்து பெரும்பாலும் செயலிழந்த வைரஸிலிருந்து தயாரானது. அதனால் ஃப்ளூ வராது. போட்ட இடத்தில் வலியும் ஒரு நாள் உடம்பு வலியும் வந்து போகும். சளியை இது தடுக்காது. தடுக்கும் என்று எதிர்பார்த்துப் போட்டுக்கொண்டால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆறு மாதம் நிறைந்த யாரும் போட்டுக்கொள்ளலாம். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு ஊசி கிடையாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு சிசுவுக்குப் போகும். முந்தைய ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் போடக் கூடாது.

இது தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலோர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லோருக்கும் முடியாது என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் முடியும் என்றால், பெரியவருக்கோ கர்ப்பிணிக்கோ ஆஸ்துமா உள்ளவருக்கோ முதலில் போடுங்கள். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். வட இந்தியாவின் பல ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். நம் சென்னை, வேலூர் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் நவம்பரில். எனவே செப்டம்பரில் போட்டுவிடுவது நமக்குப் பொருத்தம். போகும்போது இந்த ஆண்டு மருந்தா என்று கேட்டு, குப்பியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். மேசையில் கிடந்த குப்பியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தின் முதல் வரி என் மாமியார் பெயர். ஒவ்வொரு ஆவணியிலும் அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பிப் பார்த்து, "எனக்கு ஊசி நாள் வந்துவிட்டதா, பாரம்மா" என்று கேட்பார்.